மண்சரிவுக்குப் பின் ஒரு பாட்டு: நம்பிக்கை பாலாட் எப்படிக் கட்டப்படுகிறது

பெரிய அழிவு ஒன்று நடந்த சில மாதங்களில் எந்த நாட்டிலும் ஒரு மெதுவான பாட்டு வெளிவரும். பியானோவோ கிட்டாரோ தனியாகத் தொடங்கும். ஒரு குரல் தாழ்ந்த ஸ்தாயியில் இழந்ததைச் சொல்லும். மூன்றாவது நிமிடத்தில் முப்பது பேர் சேர்ந்து உரக்கப் பாடிக்கொண்டிருப்பார்கள். இந்த வகைக்குத்தான் பாப் பாலாட் என்று பெயர். காதல் தோல்விக்கும் இதே வடிவம்தான். ஆனால் இழப்பிலிருந்து எழுந்து வரும் கதைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் பாட்டின் உடலே தாழ்விலிருந்து மேலே ஏறுகிறது.

இலங்கையின் மலையகத்தில் இதற்குத் தேவை இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள், மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் சரிவுகளை இறக்கிவிட்டது. இவற்றுக்குப் பின் தோட்டத்து இளைஞர் மன்றங்களும் பாடசாலை இசைக் குழுக்களும் பாட்டுச் செய்ய முயல்வது இயல்பு. பெரும்பாலான முயற்சிகள் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன: நம்பிக்கை சீக்கிரமாக வந்துவிடுகிறது. கீழே சொல்லப்படும் கணக்கு, சுருதி, சொல் எல்லாம் அந்த வருகையை எப்படித் தள்ளிப்போடுவது என்பதைப் பற்றியவை.

பல்லவியை முதலில் வைக்காதீர்கள்

சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்குப் பாட்டு என்றால் முதலில் பல்லவி, பிறகு இடையிசை, சரணம், மறுபடி பல்லவி. இந்த ஒழுங்கில் பாட்டின் முடிவு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ‘எழுவோம் எழுவோம்’ என்று தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகு சரணத்தில் வீடு போன கதையைச் சொன்னால், கேட்பவருக்கு அது ஏற்கெனவே தீர்ந்துபோன துக்கமாகத் தெரியும்.

பாலாட்டில் ஒழுங்கு வேறு. முதலில் சரணம் வரும். அதன் வால்போல நான்கு பார் (தாளச் சுற்று) நீளத்தில் ஒரு ஏறுபகுதி. அதற்குப் பின்தான் பல்லவி, அதாவது கோரஸ். மீண்டும் சரணம், ஏறுபகுதி, கோரஸ். அதன் பிறகு இதுவரை கேட்காத மெட்டில் ஒரு பகுதி; இதைப் பிரிட்ஜ் என்பார்கள். கடைசியில் கோரஸ் இன்னும் உயர்ந்து வந்து முடியும்.

நீளத்தைக் கையில் பிடிக்கக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு, ஒரு பாருக்கு 4 தட்டு என்று வைத்தால், ஒரு பார் 3.33 வினாடி. 72 பார் சரியாக 4 நிமிடம். அதை இப்படிப் பங்கிடலாம்: முன்னிசை 4, முதற் சரணம் 8, ஏறுபகுதி 4, கோரஸ் 8, இடையிசை 4, இரண்டாம் சரணம் 8, ஏறுபகுதி 4, கோரஸ் 8, பிரிட்ஜ் 8, கடைசிக் கோரஸ் 8, அதன் பின்பாதி திரும்ப 4, முடிவு 4. இதில் முதற் கோரஸ் ஏறக்குறைய 53ஆவது வினாடியில் வருகிறது. அதுவரை கேட்பவர் இழப்போடு மட்டும் இருக்கிறார். கடைசிக் கோரஸ் 3 நிமிடம் தாண்டி 7 வினாடியில் வெடிக்கிறது. இந்த இரண்டு நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் பாட்டு நீண்டுகொண்டே போகும்போது எதை வெட்டுவது என்று அது சொல்லும். வழக்கமாக வெட்ட வேண்டியது இடையிசையைத்தான். புல்லாங்குழல் வாசிக்கும் தம்பிக்குக் கோபம் வரும், வரட்டும்.

வேகத்தை 60க்கு இறக்கினால் அதே 72 பார் 4 நிமிடம் 48 வினாடி ஆகிவிடும். மெதுவாக இருந்தால் சோகம் கூடும் என்று நினைத்து அதற்குக் கீழே போகிறவர்கள் உண்டு. அங்கே பயிற்சி இல்லாதவர்களுக்கு ஒரு வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. நடுச் சொல்லில் மூச்சு உடையும். 80க்கு மேல் போனால் கைதட்டத் தோன்றும். 68க்கும் 76க்கும் இடையில் நின்றால் போதும்.

தாலாட்டின் ஆட்டம் வேண்டுமென்றால் ஆறு தட்டு நடையில் போகலாம். நம் காதுக்கு அது பழக்கமானது. ஆனால் கடைசிக் கோரஸில் முப்பது பேரும் அந்த ஆட்டத்தில் அசையத் தொடங்கினால் எழுச்சி போய்த் தூக்கம் வரும். முதல் முறை செய்பவர்கள் நான்கிலேயே நிற்கட்டும்.

நான்கு கோர்ட், இரண்டு மனநிலை

1 கட்டை சுருதியில், அதாவது சி மேஜரில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தேவைப்படுவது சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கோர்ட், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள். கிட்டார் பிடித்து ஒரு மாதம் ஆனவர்களுக்கும் எஃப் தவிர மற்றவை வரும். எஃப்பை முழுதாகப் பிடிக்க வராவிட்டால் கீழே உள்ள மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் பிடிக்கலாம்.

சரணத்தில் ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற ஒழுங்கில் பாருக்கு ஒன்றாக வாசியுங்கள். கோரஸில் அதே நான்கை சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று மாற்றுங்கள். கோர்ட் எதுவும் மாறவில்லை, தொடங்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஆனாலும் சரணம் வீடில்லாமல் நிற்பதுபோலவும், கோரஸ் வீட்டுக்கு வந்துவிட்டதுபோலவும் கேட்கும். கர்நாடக இசை படித்தவர்களுக்கு இது புதிதல்ல: சங்கராபரண ராகத்தின் தைவதத்தை (‘த’) ஷட்ஜமாக (‘ஸ’) வைத்தால் நடபைரவி ராகம் பிறக்கிறது. சரணம் நடபைரவியின் நிழலில் நடக்கிறது, கோரஸ் சங்கராபரணத்தில் நிமிர்கிறது. ஒரு ஸ்வரமும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஏறுபகுதியின் நான்கு பாரில் எஃப், ஜி, எஃப், ஜி. கடைசி ஜி-யில் பாடகர் நிறுத்திவிட வேண்டும். ஜி தனியாக நிற்கும்போது காது சி-யைக் கேட்டு ஏங்கும். அந்த ஏக்கம் இருந்தால்தான் கோரஸின் முதல் சொல் விழும்போது நெஞ்சில் படும். அனுபவமில்லாத கீபோர்ட் கலைஞர்கள் இந்த இடத்தில் பொறுமையில்லாமல் சி-யைத் தொட்டுவிடுவார்கள். தொட்டால் ஏறுபகுதி எழுதியதே வீண்.

பிரிட்ஜ்தான் முழுப் பாட்டுக்கும் திருப்பம். எட்டுப் பாரையும் டி மைனர், ஏ மைனர், எஃப், சி, டி மைனர், எஃப், ஏ செவன் என்று ஏழு வரை கொண்டுபோய், எட்டாவது பாரில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்துங்கள். ஒரு குரல் மட்டும் தைவதத்தில் நீண்டு நிற்கட்டும். 1 கட்டையில் தைவதமாக இருந்த அந்த ஸ்வரமே 2 கட்டையில், அதாவது டி மேஜரில், பஞ்சமம் (‘ப’). அடுத்த பாரில் வாத்தியங்கள் 2 கட்டையில் நுழைந்தால், பாடுகிறவர் ஸ்வரத்தை மாற்றாமலே பாட்டு ஒரு படி மேலே போயிருக்கும். கடைசிக் கோரஸின் கோர்ட்கள் இப்போது டி, ஏ, பி மைனர், ஜி. பார்வையாளர் பலருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. மயிர் கூச்செறிவது மட்டும் தெரியும்.

இந்தச் சுருதி ஏற்றத்தை ஒரே ஒரு தடவைதான் செய்ய வேண்டும். இரண்டாம் கோரஸில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை என்று ஏற்றினால் பாட்டுப் போட்டி மேடை வாசனை வந்துவிடும். அத்தோடு குரலும் கிழியும்.

யாரும் பாடக்கூடிய மெட்டு

இந்தப் பாட்டைக் கடைசியில் பாடப்போவது பாடகர் அல்ல. கோயில் முற்றத்திலோ பாடசாலை மண்டபத்திலோ நிற்கும் சனங்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவும், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையும், தோட்டத் தலைவரும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஆகவே மெட்டின் கீழெல்லை கீழ் ஸ்தாயி தைவதம், மேலெல்லை மேல் ஷட்ஜம். 1 கட்டையில் இது பயிற்சி இல்லாத பெண் குரலுக்கும், அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடும் ஆண் குரலுக்கும் எட்டும். கடைசியில் 2 கட்டைக்கு ஏறும்போது உச்சம் இன்னும் ஒரு முழு ஸ்வரம் கூடும், அதுவரை எட்டும். 3 கட்டையில் எழுதிப் பார்த்தால் பாதிப் பேர் உச்சத்தில் வாயை மட்டும் அசைப்பார்கள்.

சரணம் கீழ் ஸ்தாயி தைவதத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில், பேச்சுபோல நடக்கட்டும். தாவல்கள் வேண்டாம். கோரஸில் தாவுங்கள். ஒரு மாதிரிக் கோரஸ்:

மேட்டிலே வாசல் வைப்போம் வா
மெதுவாக் கல்லைச் சேர்ப்போம் வா
பாதை வெட்டும் நாளும் வரும்
அடுப்பில் புகையும் ஏறும் வா

ஒரு வரிக்கு இரண்டு பார், எட்டுத் தட்டு. முதல் ஐந்து தட்டில் சொற்கள், ஆறிலும் ஏழிலும் ‘வா’, எட்டில் மூச்சு. முதல் ‘வா’ பஞ்சமத்தில் நிற்கட்டும். அங்கே ஓடும் கோர்ட் ஜி, பொருந்தும். இரண்டாவது ‘வா’ தைவதத்தில், கோர்ட் எஃப். மூன்றாவது வரி ‘வா’வில் முடியாமல் ரிஷபத்துக்கு (‘ரி’) இறங்குகிறது. நான்காவதில் மேல் ஷட்ஜம். பஞ்சமம், தைவதம், ஒரு இறக்கம், பிறகு உச்சி. மூன்றாம் வரியும் ஏறினால் நான்காம் வரிக்கு எழும்ப இடமிருக்காது. பாட்டின் ஆகக் கடைசி ‘வா’வில் மட்டும் எஃப்புக்குரிய இடத்தில் (2 கட்டையில் அது ஜி) ஆதாரக் கோர்ட்டை, அதாவது டி-யை, வையுங்கள். அதுவரை முடியாமல் நின்ற வாக்கியம் அங்கே முடிகிறது.

குறிலை இழுத்தால் சொல் மாறும்

ஆங்கில பாலாட்டின் மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைப் போடும்போது வரும் பெரிய சிக்கல் இது. ஆங்கிலத்தில் எந்த உயிரையும் நீட்டிப் பாடலாம். தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல். ‘மலை’யின் முதலெழுத்தை மூன்று தட்டுக்கு இழுத்தால் காதில் விழுவது ‘மாலை’. ‘கல்’லை இழுத்தால் ‘கால்’. ‘விடு’ என்று நீட்டிப் பாடினால் ‘வீடு’ கேட்கும். வீடு இழந்தவர்கள் முன்னால் அந்தப் பிழை சின்னப் பிழை அல்ல. ஆகவே மெட்டு முதலா சொல் முதலா என்ற வாதத்தில், தமிழில் நீண்ட ஸ்வரங்கள் எங்கே விழுகின்றன என்று முதலில் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் நெடில் வரும்படி சொல்லைத் தேர்வதே வழி.

நெடிலிலும் எல்லாம் ஒன்றல்ல. உச்ச ஸ்வரத்துக்கு ஆ, ஏ, ஓ நல்லவை; வாய் திறக்கிறது. ஈயும் ஊவும் வாயைக் குறுக்கும், பயிற்சியில்லாத குரலில் கீச்சிடும். மகரத்தில் முடியும் சொல்லை உச்சியில் வைத்தால் உதடு மூடிச் சத்தம் அடங்கிவிடும். மேலே உள்ள கோரஸில் ‘வரும்’ என்ற சொல் மூன்றாம் வரியின் இறக்கத்தில் இருப்பது அதனால்தான். வல்லின மெய் இரட்டிக்கும் சொற்கள், ‘நம்பிக்கை’ உட்பட, நீண்ட ஸ்வரத்தில் துண்டு துண்டாக உடைகின்றன. பாட்டின் பொருள் அதுவாக இருக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லாமல் விடுவதில் நட்டம் ஒன்றும் இல்லை.

எதைச் சொல்வது

வரி எழுதுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது யார் பேசுகிறார் என்பதை. வெளியிலிருந்து ஒருவர் ‘நீ எழுந்திரு, கண்ணீரைத் துடை’ என்று பாடுவது மிக எளிது. முகாமில் இருப்பவருக்கு அது கொழும்பிலிருந்து வரும் அறிவுரைபோல எரிச்சல் தரும். ‘நாங்க’ என்று தொடங்கும் சரணம் இழந்தவர்களின் வாயிலிருந்து வரும். கோரஸில் அது ‘நாம’ என்று மாறும்போது கேட்பவர் உள்ளே அழைக்கப்படுகிறார். கொழும்பிலோ கண்டியிலோ இருந்துகொண்டு எழுதுபவர் முதல் வரியிலேயே ‘நாம்’ போட்டால், அடுத்தவர் துக்கத்தைத் தன் பெயரில் எழுதியதாக ஆகும்.

வேறு வழியும் உண்டு. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பின் ஜப்பானில் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘ஹன வா சகு’ என்ற பாட்டு, போய்விட்டவர்களின் குரலில் எழுதப்பட்டது. இருப்பவர்களைப் பார்த்து அவர்கள் பேசுகிறார்கள். வரிகள் இவாய் ஷுன்ஜி, இசை கன்னோ யோகோ; இருவருமே பாதிக்கப்பட்ட மியாகி மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். பல பாடகர்கள் வரி வரியாகப் பங்கிட்டுப் பாடினார்கள். இறந்தவரின் குரலை எடுப்பது கத்திமுனை. அந்த ஊர்க்காரர் எழுதினால்தான் அது நிற்கும்.

அடுத்தது பொருட்கள். ‘சோகம்’, ‘இருள்’, ‘வெளிச்சம்’, ‘விடியல்’ என்று எழுதினால் அந்தப் பாட்டு எந்த ஊருக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த ஊருக்கும் சொந்தமாகாது. மண்சரிவில் உண்மையில் என்ன மிஞ்சுகிறது? வீட்டுச் சாவி. கழுத்தில் கிடந்த பாடசாலை டை. மலைக்குப் போனபோது முதுகில் இருந்த கூடை. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தின் ஆள் கணக்கெடுப்புக்கு) போனவர் திரும்பி வந்தபோது லயத்து வரிசையே இல்லை. ஒரு மாதிரிச் சரணம்:

பூட்டுப் போட்ட வீடு எங்கே
சாவி மட்டும் மடியிலே
பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும்
பனி தான் நிக்குது எதிரிலே

இதில் அழுகை என்ற சொல் இல்லை. பாடுகிறவரும் அழ வேண்டாம். குரல் தழுதழுத்தால் கேட்பவர் பாட்டை விட்டுவிட்டுப் பாடகரைப் பார்ப்பார். இரண்டாம் சரணம் முதலாவதையே வேறு சொல்லில் திரும்பச் சொல்லாமல், காலத்தை நகர்த்த வேண்டும். பல மாதம் கழித்து, முகாமில்:

பள்ளிக்கூட வாங்கு மேலே
பாதித் தூக்கம் போகுது
பக்கத்துப் பாய் புள்ள இப்போ
பாட்டி மடியில் தூங்குது

பக்கத்துப் பாயிலிருந்த பிள்ளை யார், அந்தப் பாட்டி அதன் சொந்தப் பாட்டியா என்று பாட்டு சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். சரணத்துக்குள்ளேயே நம்பிக்கையின் முதல் அடையாளம் இங்கே வந்துவிட்டது, இரண்டாம் கோரஸுக்கு முன்னால், சத்தமில்லாமல்.

மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கலை எழுதுபவர்கள் கவனிப்பதில்லை. வெள்ளத்துக்குப் பின்னும் சுனாமிக்குப் பின்னும் எழுதப்படும் பாட்டுகளில் ‘திரும்பி வருவோம்’ என்பது கோரஸாக வரும். சரிந்த மலையில் அது பொய். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலயம் என்று குறித்த இடத்தில் மீண்டும் குடியேற விடமாட்டார்கள், விடவும் கூடாது. மீரியபெத்தையிலிருந்து போனவர்களுக்கு வீடு கிடைத்தது வேறு இடத்தில். ஆகவே இங்கே கட்டியெழுப்புவது என்றால் இடம் மாறுவது. கோரஸ் ‘திரும்பு’ என்று கூப்பிடாமல் ‘வா’ என்று கூப்பிட வேண்டும். பழைய லயத்தைப் பார்த்து ஒரு வரி விடைபெற வேண்டும். அந்த விடைபெறலுக்குச் சரியான இடம் பிரிட்ஜ். எட்டுப் பார் தாராளம்.

காணியைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் தேவை. தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒரு வீட்டுக்கென்று பேசப்படும் 7 பேர்ச்சஸ் என்ற காணி அளவு மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். ‘ஏழு பேர்ச்சஸ் போதும்’ என்று சந்தத்துக்காக ஒரு வரி விழுந்துவிட்டால் மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து போவார்கள், நியாயமாகத்தான். காணி எவ்வளவு என்பதும் உறுதி யார் பெயரில் என்பதும் இன்னும் தீராத வழக்கு. நன்றி கூறும் வரிகளும் அப்படியே. நிவாரணம் தந்தவர், வந்து பார்த்தவர் என்று ஒரு சரணம் முழுக்க நன்றி சொன்னால் பாட்டு திறப்பு விழாவுக்குப் போய்ச் சேரும்.

மழைமானி அளவையும் நிலவெடிப்பு அறிகுறிகளையும் பாட்டுக்குள் நுழைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். அவை உயிர்காக்கும் தகவல்கள், ஆனால் அவற்றுக்குத் துள்ளலான வேறொரு பாட்டு வேண்டும். பாலாட்டுக்குள் வைத்தால் இரண்டும் கெடும்.

வாத்தியம் எப்போது நுழைவது

முதற் சரணத்தில் ஒரு கிட்டாரும் குரலும் மட்டும். கிட்டாரை விரலால் மீட்டுங்கள், அடிக்க வேண்டாம். முதற் கோரஸில் கீபோர்டின் நீண்ட ஸ்வரங்கள் அடியில் சேரட்டும். இரண்டாம் சரணத்தில் பேஸ் கிட்டார், இரண்டாம் குரல். இரண்டாம் கோரஸில் தாளம். பிரிட்ஜின் முடிவில் எல்லாம் நின்று, கடைசிக் கோரஸில் எல்லாம் ஒன்றாக, கூடவே சனங்களின் குரல். கடைசிக் கோரஸ் வரை ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றோ இரண்டோ மட்டும் கூட வேண்டும். கையில் இருக்கும் எல்லா வாத்தியத்தையும் முதற் கோரஸிலேயே அவிழ்த்துவிட்டால் மூன்று நிமிடத்துக்குப் பிறகு கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

தாளத்துக்கு டிரம் செட் இல்லாவிட்டால் கவலையில்லை, தப்பு என்ற பறை இருக்கிறது. ஆனால் தப்புக்குத் தோட்டத்தில் நினைவுகள் அதிகம்: பெரட்டுக்குக் கூப்பிட்டதும் அது, காமன் கூத்துக்கு முழங்குவதும் அது, சாவு வீட்டில் முன்னால் நடப்பதும் அது. எந்த அடி எதற்குரியது என்று வாசிக்கும் அண்ணனிடம் கேளுங்கள். சாவு அடியின் சாயல் இரண்டாம் கோரஸில் வந்தால் மண்டபம் உறைந்துபோகும். முதலில் குச்சியில்லாமல் விரலால் தட்டச் சொல்லி, கடைசிக் கோரஸில் மட்டும் குச்சியோடு முழு அடிக்கு விடலாம். மலைக் குளிரிலும் ஈரத்திலும் தோல் விரைவில் தளரும். ஒலிப்பதிவில் ஒவ்வொரு முறைக்கும் முன்னால் தீயில் காய்ச்ச வேண்டும்; அதற்கென்று வெளியில் ஒரு சட்டியில் தணல் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சாமல் மூன்றாம் முறை எடுத்தால் முதல் முறையோடு ஒட்டாது.

ஒலிப்பதிவு

தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் பதிவு செய்ய முடியாது. காலைவேளை பெரும்பாலும் பரவாயில்லை; ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரத்தை நம்ப வேண்டாம்.

முதன்மைக் குரலுக்குச் சிறிய அறை போதும். பாடுபவரின் முதுகுப் பக்கமும் இரு புறமும் கனத்த கம்பளியைத் தொங்கவிட்டால் சுவர் எதிரொலி பெரும்பகுதி அடங்கும். மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்றிமீற்றர் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் பகரம் வெடிக்காது. தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோம் காதுக்குள் மட்டும் கேட்க வேண்டும். ஹெட்போன் சத்தம் கூடினால் டிக் டிக் பதிவுக்குள் புகும், பின்னால் எடுக்க முடியாது. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். அளவுமானியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தப்பை இரண்டு மீற்றருக்குக் கிட்டே மைக்கில் பிடித்தால் முதல் அடியே கிழிந்துதான் பதியும்.

கூட்டுக் குரலுக்கு எதிரொலியுள்ள பாடசாலை மண்டபம் நல்லது. பன்னிரண்டு பேரை அரைவட்டமாக நிறுத்தி, நடுவில் ஒன்றரை மீற்றர் தூரத்தில் மைக்கோ நல்ல கைப்பேசியோ வையுங்கள். ஒருமுறை பாடவைத்து, ஆட்கள் இடம் மாறி நின்று இன்னும் இரண்டு முறை. மூன்றையும் அடுக்கினால் முப்பத்தாறு பேர் பாடியதுபோல இருக்கும். உரத்த குரல்காரர் யாராவது நிச்சயம் இருப்பார். அவரைப் பின்வரிசைக்கு அனுப்புங்கள். கலவை செய்யும்போது குரல்களின் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை வெட்டிவிடலாம். செயற்கை எதிரொலியைச் சரணத்தில் மிகக் குறைவாக, கோரஸில் சற்றுக் கூட்டி வையுங்கள். முழுப் பாட்டையும் குகைக்குள் மூழ்கடித்தால் மெய்யெழுத்துகள் கரைந்து, சொல் விளங்காமல் போகும்.

வெளியிடும் முன்

தேடுதல் நடக்கும் நாட்களிலும் கருமாதிக்கு முன்னும் வெளியிட வேண்டாம். முதலில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சிலரை அழைத்து, படமில்லாமல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் எந்த வரியில் நிமிர்ந்து பார்க்கிறார்கள், எதில் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று பாருங்கள். முகம் திருப்பிய வரியை மாற்றுங்கள், விளக்கம் கேட்க வேண்டாம். இறந்தவரின் பெயரோ படமோ வருமானால் குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். மண் தோண்டும் காட்சிகளைக் காணொளியில் சேர்ப்பது பார்வையைக் கூட்டும், அந்த வீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொரு முறையும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும். புதுவீட்டு அத்திவாரம், காயும் துணி, பாடசாலைக்கு நடக்கும் கால்கள் என்று எடுத்தால் பாட்டோடு ஒட்டும்.

சிங்கள அயலவர்களும் அதே மழையில் அதே சரிவில் இழந்திருப்பார்கள். இரண்டாம் கோரஸை அவர்களில் ஒருவர் சிங்களத்தில் எழுதிப் பாடலாம், ஆனால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காமல், அதே மெட்டில் அவருடைய வரியாக. நீண்ட ஸ்வரங்களில் நெடில் விழ வேண்டும் என்ற விதி அங்கும் பொருந்தும், ஏனென்றால் சிங்களத்திலும் குறில் நெடில் வேறுபாடு உண்டு.

பணம் வருமானால் அது யாருக்கு, யார் கணக்கு வைத்திருப்பது, எப்போது மக்கள் முன் காட்டுவது என்பதை வெளியீட்டுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். வரி எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர், கூட்டாகப் பாடிய பன்னிரண்டு பேர் என எல்லோர் பெயரும் பாட்டின் கீழ் வர வேண்டும். வரிகளும் கோர்ட்களும் உள்ள ஒரு பக்கத் தாளை, 1 கட்டையில், பிரதி எடுத்துப் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலைகளுக்கும் கொடுங்கள். சுருதி ஏற்றம் கடினமாக இருந்தால் பிரிட்ஜிலிருந்து நேராக 1 கட்டைக் கோரஸுக்கே போகலாம் என்று அதில் ஒரு குறிப்பும் போட்டுவிடுங்கள். அப்போது ஏழாவது பாரில் ஏ செவனுக்குப் பதில் ஜி வாசிக்க வேண்டும், தனிக்குரல் பஞ்சமத்தில் நிற்க வேண்டும்.